383 ஸ்ட்ரோக்கர் கட்டும்போது ராட் கேம்ல இடிக்குதா? செக் பண்றதும் சரி பண்றதும்

செவ்ரோலெட் 350 ஸ்மால் பிளாக் V8 இன்ஜினை, ஸ்ட்ரோக் கூடின கிராங்க் போட்டு 383 கன இன்ச் ஸ்ட்ரோக்கரா ஆக்குறவங்க போர், பிஸ்டன், ஹெட்னு நிறைய பேசுவாங்க, ஆனா உள்ள கனெக்டிங் ராட் கேம்ஷாஃப்ட்ல இடிக்குமான்னு பாக்காமலே மூடிடுறாங்க. 350-ல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேல கீழ போற தூரம்) 3.48 இன்ச், 383 கிராங்க்ல 3.75. அப்போ கிராங்க் பின் 0.135 இன்ச், அதாவது கிட்டத்தட்ட மூணரை மில்லி கூடுதலா வெளிய தள்ளி சுத்தும். கேம் கிராங்குக்கு நேர் மேல இருக்கிறதால, பின் மேல ஏறும்போது ராடோட தோள்பட்டையும் (பெரிய முனையில போல்ட் உக்கார்ற புடைப்பு) போல்ட் தலையும் கேமோட லோப் (வால்வை திறக்க வைக்கிற மேடு) பக்கத்துல போகும், இல்லன்னா இடிக்கும்.

முதல்ல டிரையா, அதாவது அளந்து பாக்க மட்டும் தற்காலிகமா, அசெம்பிள் பண்ணுங்க. பேரிங்ல ஆயில் தடவி, கேப் எல்லாம் சரியான டார்க்ல (முறுக்கு விசைல) இறுக்கி, பிஸ்டனை ரிங் போடாம இறக்குங்க, கையால சுத்த லேசா இருக்கும். டைமிங் செயினை போட்டு கேமை டிகிரி பண்ணிட்டுத்தான் (கிராங்குக்கு சரியான கோணத்துல நிக்குதான்னு அளந்து வச்சிட்டுத்தான்) அளக்கணும், ஏன்னா கேமை நாலு டிகிரி முன்ன பின்ன நகர்த்தினாலே லோப் வேற இடத்துல வந்து நிக்கும், நீங்க எடுத்த அளவு வீண்.

இப்போ கிராங்கை மெதுவா சுத்துங்க, ஸ்டார்ட்டர் வேண்டாம். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க: கேம் கிராங்கோட பாதி வேகத்துலதான் சுத்தும், அதனால ஒரு சுத்துல ராட் தாராளமா போற மாதிரி இருக்கும், அடுத்த சுத்துல அதே ராட் அதே லோப் மூக்குல போய் முட்டும். ரெண்டு முழு சுத்து, எட்டு ராடுக்கும், ஒண்ணு கூட விடாதீங்க. எங்கயாவது தடுத்தா அமுக்கி தள்ளாதீங்க, அங்கயே நிறுத்துங்க.

ராடும் லோப்பும் ரொம்ப நெருங்குற இடத்துல 1.5 மில்லி கம்பியை நுழைச்சு பாருங்க, போனா 0.060 இன்ச் இருக்கு, நிம்மதி. 0.050-க்கு கீழ நான் ஒத்துக்க மாட்டேன், ஓடும்போது ராட் நீளும், செயினும் தளரும். கை எட்டாத இடத்துல கொஞ்சம் கிளே (மாடலிங் களிமண்) ஒட்டி சுத்தி, வெட்டி எடுத்து தடிமன் அளங்க. அப்படியே பிளாக்கோட பான் ரெயிலையும் (ஆயில் பான் உக்கார்ற விளிம்பு) சிலிண்டர் அடி விளிம்பையும் பாத்துடுங்க, அங்க இடிச்சா பிளாக்கை கொஞ்சம் கிரைண்ட் பண்ணா போதும்.

கேம்ல இடிச்சா? நல்ல வழி ஸ்ட்ரோக்கருக்குன்னே தோள்பட்டை குறைச்சு செஞ்ச கேப் ஸ்க்ரூ ராட் வாங்குறது, போல்ட் கேப் பக்கத்துல இருந்து ராடுக்குள்ளயே திருகும், மேல போல்ட் தலையே கிடையாது. பழைய ராட்தான்னா தோள்பட்டையை ராடோட நீளவாக்குல தேய்ச்சு, கூர் இல்லாம பாலிஷ் பண்ணி, எடையை சமமாக்கி திரும்ப பேலன்ஸ் பண்ணணும். போல்ட் தலையை மட்டும் தயவுசெஞ்சு தேய்க்காதீங்க, ராட் போல்ட் அறுந்தா ராட் பிளாக்கை பொத்துக்கிட்டு வெளிய வரும்.

இன்னொரு வழி ஸ்மால் பேஸ் சர்க்கிள் கேம். லோப்போட அடிவட்டம் சின்னதா இருக்கிறதால இடைவெளி கிடைக்கும், ஆனா லிஃப்டர் (லோப் மேல உக்கார்ற துண்டு) கீழ இறங்கிடும், புஷ்ராட் (லிஃப்டர்ல இருந்து ராக்கரை தள்ளுற கம்பி) நீளமா வேணும், அதனால பழைய புஷ்ராடை அப்படியே போடாம அட்ஜஸ்டபிள் புஷ்ராட் வச்சு நீளம் பாத்து ஆர்டர் பண்ணுங்க. எதை மாத்தினாலும் திரும்ப அந்த ரெண்டு சுத்து, எட்டு ராடுக்கும்.