முதல் டிராஃப்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் என்ன பண்ணணும்

சிறுகதை எழுத ஆரம்பிக்கிறவங்க பெரும்பாலும் கேக்குறது, எப்படி தொடங்குறது, கரு எங்கேருந்து கிடைக்கும்னுதான். எனக்கு அதைவிட முக்கியமா படுற கேள்வி வேற. ஒரு கதைய ஒருவழியா எழுதி முற்றுப்புள்ளி வெச்சாச்சு, இப்ப என்ன பண்றது? நான் எழுத ஆரம்பிச்ச புதுசுல முடிச்ச அன்னைக்கு ராத்திரியே பத்திரிகைக்கு அனுப்பிடுவேன், சிலது திரும்பி வரும், பலதுக்கு பதிலே வராது, சரி இந்தக் கதை தேறாதுன்னு அடுத்தத எழுத உக்காந்துடுவேன். ரொம்ப வருஷம் கழிச்சு அந்தப் பழைய ஃபைல எல்லாம் எடுத்துப் படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு. பாதி வேலைய முடிச்சுட்டு முழுக்கதைன்னு அனுப்பியிருக்கேன்.

அதனால முதல் வேலை, ஃபைல மூடி வைங்க. அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங், எழுதுறதப் பத்தி 2000ல வந்த 'ஆன் ரைட்டிங்' புத்தகத்துல, நாவல்னா குறைஞ்சது 6 வாரம் தொடாம வைக்கச் சொல்றார். சிறுகதைக்கு எனக்கு 2 வாரம் போதும். வரிகள் மனப்பாடமா இருக்கிற வரைக்கும் கண்ணு பேப்பர்ல இருக்கிறதப் படிக்காது, நீங்க எழுதணும்னு நினைச்சதத்தான் படிக்கும். அந்த 2 வாரமும் சும்மா இருந்தா கை பரபரன்னு அதையே தேடிப் போகும், அடுத்த கதையோட குறிப்பு எதையாவது எழுதிக்கிட்டு இருங்க.

அப்புறம் பிரிண்ட் எடுத்து வாய்விட்டுப் படிங்க. மூச்சு முட்டுற இடம், நாக்கு தடுக்குற இடம், உங்களுக்கே சீக்கிரம் தாண்டிப் போயிடலாம்னு தோணுற இடம், மூணுலயும் பென்சில்ல ஒரு கோடு. கடைசி வரி வரைக்கும் கோடு மட்டும்தான், திருத்தக்கூடாது, நடுவுல திருத்த ஆரம்பிச்சா முதல் பக்கமே 10 தடவ திருந்தும், கடைசி பக்கத்துக்குப் போய்ச் சேரவே மாட்டீங்க.

இப்ப பெரிய வேலைக்கு வருவோம். சோகம், வெறுமை, சந்தோஷம், ஏதோ ஒரு பாரம், இனம்புரியாத உணர்வு, இந்த மாதிரி பொதுவான வார்த்தை எங்கெல்லாம் இருக்குன்னு தேடி வட்டம் போடுங்க. அந்த வார்த்தை வந்திருக்கிற இடத்துல எல்லாம் நீங்க இன்னும் உள்ள போய்ப் பாக்கலன்னு அர்த்தம். என்னோட கதை ஒண்ணையே சொல்றேன். அப்பா செத்துப்போன வீட்டுக்கு ஒரு பொண்ணு வர்றா. முதல்ல நான் எழுதினது இது:

"அப்பா இல்லாத வீடு வெறிச்சோடிக் கிடந்தது. அவள் துக்கம் தாளாமல் உடைந்து போனாள்."

தப்புன்னு சொல்ல எதுவும் இல்ல, ஆனா இந்த ரெண்டு வரிய எந்தக் கதையில வேணும்னாலும் ஒட்டலாம், யாரோட அப்பாவுக்கும் பொருந்தும். ரெண்டாவது தடவ எழுதுறப்ப 'துக்கம்'ங்கிற வார்த்தைய எடுத்துட்டு, சரி இவ இப்ப கையில எதை எடுத்துப் பாக்குறான்னு மட்டும் யோசிச்சேன். ஒருநாள் முழுக்க ஒண்ணும் வரல. மறுநாள் வந்துச்சு:

"மேசை மேல் அப்பாவின் மூக்குக்கண்ணாடி இருந்தது. உடைந்த காம்பை நூலால் சுற்றிக் கட்டியிருந்தார். புது ஃபிரேம் வாங்கித் தருகிறேன் என்று அவள் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது."

இத எழுதினதுக்கு அப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது, இது துக்கத்தப் பத்தின கதையே இல்ல, அவ மனசுல இருக்கிறது குத்தவுணர்ச்சி. துக்கம்னு பொதுவா எழுதி அத மூடி வெச்சிருந்தேன். ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1886ல அண்ணன் அலெக்சாண்டருக்கு எழுதின கடிதத்துல இதத்தான் சொல்றார். நிலா ராத்திரிய காட்டணும்னா உடைஞ்ச பாட்டில் துண்டு ஒண்ணு அணைக்கட்டு மேல மின்னுறத எழுதுன்னு சொல்லிட்டு, மனநிலைக்கும் அதேதான், ஆள் என்ன செய்யறாங்கிறதுலேயே அது தெரியணும்ங்கிறார். நான் இத எழுத்து அலங்காரம் பத்தின யோசனைன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன், இப்ப எனக்குத் தோணுறது, எழுதுறவனுக்கே தன் கதை என்னன்னு தெரிய வேற வழி இல்லங்கிறதுதான்.

கதை எதப் பத்தினதுன்னு தெரிஞ்சதும் தொடக்கம் தானா சரியாகும். என் கதையில அவ பஸ்ல வர்றது, ஜன்னல்ல மழை, சின்ன வயசு ஞாபகம்னு ஒன்றரைப் பக்கம் இருந்துச்சு. அது நான் கதைக்குள்ள நுழைய எழுதின பாதை, படிக்கிறவங்களுக்கு அது தேவைப்படாது. மொத்தத்தையும் எடுத்துட்டு கண்ணாடியிலேருந்து ஆரம்பிச்சேன். வெட்டினத தூக்கிப் போட மனசு வரலன்னா தனி ஃபைல்ல வெச்சுக்கோங்க, நானும் அப்படித்தான் செய்றேன்.

வசனத்துக்கு ஒரே ஒரு சோதனை. கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்ற இடத்த எல்லாம் பாருங்க. "சாப்பிட்டியா?" "இன்னும் இல்லம்மா"ன்னா அங்க ஒண்ணும் நடக்கல. "சாப்பிட்டியா?" "அண்ணன் எப்ப கிளம்பினான்?"னா அந்த வீட்டுல ஏதோ நடந்திருக்கு. நடை எழுத்துத்தமிழா இருந்தாலும் வசனம் பேச்சுத்தமிழா இருக்கட்டும், ஆனா எல்லாருமே ஒரே மாதிரி பேசினா அது உங்க குரல்தான், அவங்க குரல் இல்ல.

முடிவுலதான் அதிக நேரம் போகும், போகட்டும். 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலோட கடைசி பக்கத்த 39 தடவ திருத்தி எழுதினதா ஹெமிங்வே ஒரு பேட்டியில சொல்லியிருக்கார். நான் செய்றது, கடைசி பத்திய கையால மூடிட்டு அதுக்கு முந்தின பத்தியோட கதை நிக்குதான்னு பாக்குறது. என் கதையில அந்தப் பொண்ணு கண்ணாடிய கடைக்கு எடுத்துட்டுப் போறா, கடைக்காரர் வாங்கிப் பாத்துட்டு "பவர் இதேதானாம்மா?"ன்னு கேக்குறார். அதுக்குக் கீழ 8 வரி எழுதி வெச்சிருந்தேன், அவ என்ன நினைச்சா, எப்படி அழுதா, வாழ்க்கை என்னன்னு. கையால மூடிப் பாத்தேன், அந்தக் கேள்வியோட கதை முடிஞ்சு போயிருந்துச்சு. 8 வரியும் போச்சு.

இதெல்லாம் ஆனப்புறம் நல்லா படிக்கிற ஒருத்தர்கிட்ட குடுங்க. நல்லாருக்கான்னு கேக்காதீங்க, பாவம், நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. படிக்கிறப்ப எந்த இடத்துல போன எடுத்துப் பாத்தீங்கன்னு கேளுங்க. அந்த வரிய பேப்பர்ல காட்டச் சொல்லி அங்கேயே ஒரு கோடு போட்டுக்கோங்க, மூணாவது டிராஃப்ட் அந்த வரியிலேருந்து ஆரம்பிக்குது.