மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டினால்

சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்காமல், சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயோ போட்டுக்கொண்டால், தொடக்க வாரங்களில் பலரையும் படுத்தும் குமட்டலும் வயிற்றுப்போக்கும் குறையும். உணவோடு சேரும்போது மருந்து குடலில் மெதுவாக உறிஞ்சப்படுகிறது. அப்படியும் தொல்லை தீராவிட்டால், நீங்களாகவே நிறுத்திவிடாமல், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்; அந்த வகையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது.

மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மருந்தின் பெயரும் சேர்ந்திருந்தால் இது அப்படியே பொருந்தாது: அதைப் பெரும்பாலும் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு போடச் சொல்வார்கள், போட்டபின் சாப்பிடாமல் இருந்துவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றும்போதும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் உண்டு என்பதால், மாத்திரையைத் தொடரலாமா என்பதையே முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.