வெளிநாட்டு ஆசிரியர் வேலையை விட்டுக் கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குத் திரும்பலாம் என்று முடிவானதும் பல ஆசிரியர்கள் முதல் வேலையாக விமான டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். தேதி கையில் இருந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதன்பிறகு விசா, செட்டில்மென்ட், சான்றிதழ் எல்லாவற்றையும் அந்தத் தேதிக்குள் அவசர அவசரமாக முடிக்க வேண்டியதாகிவிடும். வேலையில் இருக்கும்வரை ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம், நாட்டை விட்டு வந்த பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் டிக்கெட் கடைசியில் வரட்டும்.

ராஜினாமா எழுதுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்து முழுதாகப் படியுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, பள்ளி விடுமுறை நாட்கள் அதில் சேருமா, ஆண்டு முடிவில் வரும் நீண்ட விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, திரும்பும் டிக்கெட்டைப் பள்ளியே எடுத்துத் தருமா, பணமாகத் தருமா என்று பாருங்கள். அடுத்த ஆண்டும் தொடர்கிறீர்களா என்று பல சர்வதேசப் பள்ளிகள் கல்வியாண்டின் நடுவிலேயே கேட்டுவிடும். அப்போது ‘இருப்பேன்’ என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பருவத்தில் விலகினால் டிக்கெட்டும் விடுமுறைச் சம்பளமும் கைநழுவக்கூடும். தலைமையாசிரியரிடம் வாயால் சொன்னதை ராஜினாமாவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி வேலைநாளைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் பதிலும் வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சம்பளம் வந்த கையோடு யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறிவிடுவது. மோசமான நிர்வாகத்திடம் மாட்டியவர்களுக்கு இந்த எண்ணம் வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அதன் விலையை ஆசிரியர்தான் கொடுக்கிறார். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலைக்கு வராமல் காணாமல்போனவர் என்று நிர்வாகம் அரசிடம் புகார் பதிவு செய்ய முடியும். சீனாவில் பழைய பள்ளியின் விடுவிப்புக் கடிதமும், வேலை அனுமதி ரத்தானதற்கான சான்றும் இல்லாமல் அடுத்த பள்ளியில் சேருவது பெரும்பாடு. சம்பளப் பாக்கியோ ஒப்பந்த மீறலோ இருந்தால், நாட்டில் இருக்கும்போதே தொழிலாளர் துறையில் புகார் கொடுங்கள். இருந்து கொடுக்கிற புகாருக்கு இருக்கும் பலம், ஊருக்கு வந்து அனுப்புகிற மின்னஞ்சலுக்கு இருக்காது.

அடுத்து பணம். இதில்தான் அதிகம் இழக்கிறோம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமீரகத்தின் பொதுவான தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டாவது வேலை செய்த வெளிநாட்டுப் பணியாளருக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் சம்பளம். ஆனால் கணக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எதுவும் சேராது. அடிப்படைச் சம்பளம் 6,000 திர்ஹாம் என்றால் ஒரு நாளைக்கு 200. மூன்று ஆண்டுக்கு 12,600 திர்ஹாம். மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு ஊரில் செலவுக்குத் திட்டம் தீட்டியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். ஒப்பந்தம் முடிந்த 14 நாட்களுக்குள் பாக்கி முழுவதையும் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. விசா ரத்துக்கான தாளை நீட்டும்போது, ‘எனக்கு வரவேண்டிய எல்லாம் வந்துவிட்டது’ என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பணம் கைக்கு வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தென்கொரியாவில் ஓராண்டு முடித்தவருக்கு, ஆண்டு ஒன்றுக்குக் குறைந்தது 30 நாள் சராசரி ஊதியம் விலகல் தொகையாக வர வேண்டும். பதினோராவது மாதத்தில் பொறுமையிழந்து கிளம்பினால் அந்தத் தொகை முழுவதும் போய்விடும். அங்கே ஓய்வூதிய நிதியில் கட்டிய பணம் மொத்தமாகத் திரும்பக் கிடைக்குமா என்பது பெரும்பாலும் உங்கள் குடியுரிமையைப் பொறுத்தது. பக்கத்து மேசை ஆசிரியருக்குக் கிடைத்தது என்பதற்காக உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் குறைந்தது ஆறு மாதம் ஓய்வூதியத் தொகை கட்டியவர்கள் நாட்டை விட்டு வந்த பிறகு அதில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அங்குள்ள முகவரிப் பதிவு நீங்கிய இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் குடிபெயர்வதை முறையாகப் பதிவு செய்யாமல் வந்தால் இந்த வேலை சிக்கலாகிவிடும். நிறுவன ஊழியர்களுக்கான ஓய்வூதியம் என்றால் அந்தத் தொகையில் 20.42 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். அதையும் திரும்பக் கேட்க முடியும். அதற்கு உங்கள் சார்பில் வரி வேலைகளைப் பார்க்க அங்கே வசிக்கும் ஒருவரை வரிப் பிரதிநிதியாக நியமிக்க வேண்டும், நம்பகமான சக ஆசிரியரே போதும். கிளம்பும் முன்பே அதற்கான படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கைச் சீக்கிரம் மூடுவதும் வழக்கமான தவறு. கடைசிச் சம்பளம், பணிக்கொடை, வீட்டு முன்பணம் எல்லாம் வந்து சேரும்வரை கணக்கு உயிரோடு இருக்கட்டும். கைபேசி எண்ணும் அப்படியே. அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் உங்கள் பணத்தை நீங்களே எடுக்க முடியாமல் போகும். கடனையும் கிரெடிட் கார்டையும் மட்டும் முன்கூட்டியே அடைத்து, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கிவிடுங்கள். வளைகுடா நாடுகளில் அடைக்காத கடன் பயணத் தடையாகக்கூட மாறலாம். அதை விமான நிலையத்தில் தெரிந்துகொள்ளும் நிலைமை யாருக்கும் வேண்டாம்.

சான்றிதழ்கள். ‘இங்கே பணிபுரிந்தார்’ என்று ஒற்றை வரியில் அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரமா பகுதிநேரமா, எந்த வகுப்புகள், எந்தப் பாடம், எந்தப் பாடத்திட்டம் என்பது எல்லாம் பள்ளியின் முத்திரையோடு வேண்டும். அனுபவத்தை வைத்துச் சம்பளம் நிர்ணயிக்கும் இடங்களில் ஒரு தேதி விட்டுப்போனால் ஓராண்டு அனுபவம் கணக்கில் வராது. காவல்துறை நன்னடத்தைச் சான்றும் அங்கிருந்தே வாங்குங்கள். குழந்தைகளோடு வேலை செய்கிறவர்களிடம், இதற்குமுன் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் சான்றையும் நல்ல பள்ளிகள் கேட்கும். பல நாடுகளில் இதற்குக் கைரேகை தேவை. அங்கே ஒரு மதியத்தில் முடிவது, வெளியே வந்த பிறகு தூதரகம், தூதஞ்சல் என்று நீளும். சொந்தப் பிள்ளைகள் அங்கே படித்திருந்தால் அவர்களுடைய மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் உங்கள் தாள்களைவிட முக்கியம்.

பள்ளி மின்னஞ்சலை நம்பி இருக்காதீர்கள். கடைசி நாளன்று, சில இடங்களில் அதற்கும் முன்பே, கணக்கை மூடிவிடுவார்கள். நீங்கள் உருவாக்கிய பாடக் குறிப்புகள், பயிற்சிச் சான்றுகள், பரிந்துரை தருவதாகச் சொன்னவர்களின் தொடர்பு எல்லாம் அதோடு போய்விடும். பாடக் குறிப்புகள் பள்ளிக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்டு எடுங்கள். ஆனால் மாணவர்களின் படங்களையும் மதிப்பெண்களையும் பெற்றோர் விவரங்களையும் எடுத்து வரவே கூடாது. பிரியமான வகுப்பாக இருந்தாலும் அவை அந்தக் குழந்தைகளுடையவை.

குழந்தைகளிடம் சொல்லாமல் மறைப்பதையும் நான் தவறு என்றே சொல்வேன். எப்போது சொல்லலாம் என்று நிர்வாகத்திடம் பேசி, போதிய நாள் இருக்கும்போதே நீங்களே சொல்லுங்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேறு ஆசிரியர் நிற்கிறார் என்ற நிலைமை சின்னப் பிள்ளைகளை மிகவும் வாட்டும். யாருக்கு எது வரவில்லை, யாரைத் தட்டிக்கொடுத்தால் எழுதுவார், பாடம் எங்கே நிற்கிறது என்று அடுத்து வருபவருக்கு நாலு பக்கம் எழுதி வையுங்கள். மதிப்பீடுகளைப் பாதியில் விடாதீர்கள்.

சரி, இனி பயணம். குடும்பத்தினர் உங்கள் பொறுப்பிலுள்ள விசாவில் இருந்தால் பெரும்பாலும் அவர்களுடையதைத்தான் முதலில் ரத்து செய்ய வேண்டும். சவூதி அரேபியாவில், வேலையை முடித்து நிரந்தரமாகக் கிளம்புவதற்கான இறுதி வெளியேறும் விசா கொடுத்த பிறகு கிளம்ப அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. மற்ற நாடுகளில் அவகாசம் வேறாக இருக்கும். உங்கள் கடைசி நாள் எது என்று எழுத்தில் தெரிந்த பிறகு டிக்கெட் எடுங்கள், முடிந்தால் தேதி மாற்றக்கூடியதாக. இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் காசு மிச்சமாகத் தெரியும். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருந்தால், அந்த நாட்டுக்குள் நுழையவே விசா தேவைப்படலாம்.

ஆசிரியர்களின் பெட்டியில் கனம் பெரும்பாலும் புத்தகம்தான். கூடுதல் எடைக்குக் காசு கட்டினாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் ஏற்காது. அவசரம் இல்லாத புத்தகங்களைக் கப்பல் வழி கார்கோவில் முன்பே அனுப்பிவிடுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பொதுவாக 100 வாட்-மணி (அதன்மேல் Wh என்று போட்டிருக்கும் கொள்ளளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. அசல் சான்றிதழ்கள், சேவைக் கடிதம், விசா ரத்தான தாள், வங்கிக் கடிதம் இவை எதுவும் கார்கோவிலோ பெரிய பெட்டியிலோ போகக் கூடாது. அவற்றின் நகல்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு, அசலை உங்கள் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.