நெல் அறைச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு: நாங்கள் செய்த முறை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டத்து வீடு. பெரிய வளவும் பர்மாத் தேக்குத் தூண்களும் உள்ள வீடு இல்லை. ஒரு திண்ணை, ஒரு சிறிய முற்றம், சுற்றிலும் நான்கு அறைகள், மேலே நாட்டு ஓடு. ஐயா காலத்தில் விவசாயத்துக்கென்று கட்டியது. நாங்கள் ஐந்து பேரும் இங்கே குடிவந்த பிறகு கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும் மானாவாரியில் கடலையும் போட்டு, அதைக் கொண்டே சாப்பிடுகிறோம். வருடச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மூட்டை நெல் வேண்டும். அத்தனையும் பின்பக்க அறை ஒன்றில்தான் இருக்கிறது.

குடிவந்த பிறகு வந்த முதல் கார்த்திகை அடைமழையில் அந்த அறைச் சுவர் ஓரமாக அடுக்கியிருந்த மூட்டைகளின் அடிப்பக்கம் கட்டிபிடித்துவிட்டது. அப்பத்தா ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது விரல் இடுக்குகளில் பச்சைப் பூஞ்சணம். அது விதைநெல். பக்கத்திலிருந்த கடலை மூட்டையும் அப்படித்தான். பூஞ்சணம் பிடித்த கடலை ஈரலைக் கெடுக்கும், ஆட்டுக்குக்கூடப் போடக் கூடாது. குழி வெட்டிப் புதைத்தோம்.

அந்தச் சுவரை எப்படிச் சரிசெய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மட்டம் பார்ப்பது, கரணை பிடிப்பது எல்லாம் எழுதவில்லை. ஒரு நாள் எந்தக் கொத்தனார் பக்கத்தில் நின்று பார்த்தாலும் அது வந்துவிடும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

எங்களுக்குக் காரணம் இரண்டு. ஒன்று, நாங்களே போட்ட வாழைப் பாத்தி. பாத்திரம் கழுவும் தண்ணீர் வீணாகக் கூடாது என்று பின்சுவரை ஒட்டியே வாழை வைத்திருந்தோம். தினமும் அங்கே பாய்ந்த தண்ணீர் அஸ்திவாரத்தில் ஊறியது. கன்றுகளைப் பெயர்த்துப் பத்தடி தள்ளி நட்டோம். ஓட்டுத் தண்ணீரும் சுவர் அடியில் கொட்டாதபடி தகரத் தூம்பு வைத்துக் கிணற்றுப் பக்கம் திருப்பிவிட்டோம்.

இரண்டாவது சிமெண்டு. பல வருடங்களுக்கு முன்பு யாரோ இந்தச் சுவரின் கீழ் மூன்றடிக்குச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். செம்புராங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிட்டுத் தானே உலரும். மேலே சிமெண்டு மூடியிருந்தால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லை. இன்னும் மேலே ஏறி, ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடும். சுவரைத் தட்டிப் பாருங்கள். ‘டப் டப்’ என்று வெற்றோசை கேட்கும் இடமெல்லாம் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்த இடம்தான்.

சிமெண்டை உரித்தல்: சித்திரை

சிறிய உளியும் ஒரு கிலோச் சுத்தியலும் போதும். இடிக்கும் மின்கருவியை வாடகைக்கு எடுக்காதீர்கள். சிமெண்டோடு சேர்ந்து கல்லின் முகமும் பெயர்ந்து வந்துவிடும். கல் இடுக்குகளில் உளுத்துப்போன பழைய சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். சுவரில் பூத்திருக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள்.

சித்திரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கத்திரி வெயிலில் சுவர் நன்றாகக் காய வேண்டும். குறைந்தது இரண்டு மாதம் வெறுஞ்சுவராக விட்டுவிடுங்கள்.

சுண்ணாம்பு நீற்றுதல்: நான் தவறிய இடம்

எங்கள் சுவரில் நான் முதலில் செய்த பூச்சு வீணாகிப்போனது. அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

சுண்ணாம்புச் சூளையான காளவாசலிலிருந்து சுட்ட சுண்ணாம்பு வாங்கிவந்து, தொட்டித் தண்ணீரில் போட்டு நீற்றி, ஒரே வாரத்தில் எடுத்துப் பூசிவிட்டேன். பார்க்க வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. சுவரும் அழகாக வந்தது. இருபது நாள் கழித்து ஒரு காலையில் அறைக்குள் போனபோது தரையில் சிறு சிறு சில்லுகள் கிடந்தன. சுவரில் காசு அளவுக்குக் குழிகள். ஒவ்வொரு குழியின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி. மறுநாள் இன்னும் பத்துக் குழிகள். ஒரு மாதத்தில் சுவர் முழுக்க அம்மைத் தழும்பு போல ஆகிவிட்டது.

அந்த வெள்ளைப் புள்ளி நீறாத சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் குடித்தால் கொதித்துப் பூத்துப் பருக்கும். சூளையில் அதிகம் வெந்த கட்டிகள் மட்டும் மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். அவை தொட்டியிலேயே நீறி முடிக்க வேண்டும். அதற்கு நேரம் தராமல் பூசிவிட்டால், சுவருக்குள் இருந்துகொண்டு ஈரத்தை இழுத்துப் பருத்து, மேலே இருக்கும் பூச்சை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

பக்கத்து ஊரில் பழைய வீட்டு வேலைகள் பார்த்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். குழியை நகத்தால் கீறிவிட்டு, “எத்தனை நாள் ஊற வைத்தீர்கள், தம்பி?” என்று கேட்டார். ஏழு நாள் என்றேன். “சலித்தீர்களா?” இல்லை என்றேன். மொத்தத்தையும் உரித்துவிட்டு மறுபடியும் தொடங்கச் சொன்னார். அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்.

இரும்புப் பீப்பாயில் முக்கால் அளவு தண்ணீர் நிரப்புங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், கொதிக்கிற சூட்டில் நெளிந்துவிடும். சுண்ணாம்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் போடுங்கள். சுண்ணாம்பைக் கொட்டி வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, உடனே மருத்துவரிடம் போங்கள். குழந்தைகளும் ஆடுகளும் அண்டாதபடி சுற்றிலும் முள் அடைப்பு போட்டுவிடுங்கள்.

கொதிப்பு அடங்கியதும் மூங்கில் கம்பால் கிண்டி, மறுநாள் கொசுவலை மாதிரி நெருக்கமான சல்லடையில் ஊற்றி வேறு பீப்பாய்க்கு மாற்றுங்கள். இதற்குப் பிளாஸ்டிக் போதும். சல்லடையில் நிற்கும் திப்பியைத் தூரப் போடுங்கள், தேய்த்து இறக்காதீர்கள். பிறகு சுண்ணாம்புக்கு மேலே நான்கு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்கும்படி குறைந்தது ஒரு மாதம் வைத்திருங்கள். நாங்கள் இரண்டாம் முறை மூன்று மாதம் வைத்திருந்தோம். பூசி ஒரு வருடம் ஆகிவிட்டது, ஒரு குழிகூட விழவில்லை.

அளவு: பத்தடி உயரம், இருபதடி நீளச் சுவர் 200 சதுர அடி. அரை அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய எட்டரைக் கன அடி சாந்து வேண்டும். அதற்கு நாங்கள் நீற்றியது 40 கிலோச் சுட்ட சுண்ணாம்பு.

கடுக்காய்த் தண்ணீர்

50 லிட்டர் தண்ணீரில் இடித்த கடுக்காய் ஒரு கிலோ, வெல்லம் ஒரு கிலோ. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பதினைந்து நாள் ஊறிப் புளித்த பிறகு வடிகட்டி, அந்தத் தண்ணீரை விட்டுத்தான் சாந்து குழைக்க வேண்டும். எறும்பு மொய்க்கும், வாயைத் துணியால் கட்டிவையுங்கள். வெல்லத்தை இதற்கு மேல் கூட்டினால் சாந்து இறுக நாளாகும்.

முட்டை வெள்ளைக்கரு பற்றிக் கேட்பீர்கள். செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடி போல மின்னுகிற சுவருக்குக் கடைசிப் பூச்சில்தான் அதைக் கிளிஞ்சல் சுண்ணாம்போடு சேர்த்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். நெல் அறைக்கு அது தேவையில்லை. எங்கள் கோழிகள் இட்டதைக் குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

சாந்து குழைத்தல்

ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். தரையை ஒட்டிய மூன்றடிக்கு மட்டும் ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் தூள், இரண்டு பங்கு மணல். ஈரத்திலும் இறுகும் குணத்தைச் செங்கல் தூள் கொடுக்கிறது. எங்கள் கூரையில் உடைந்த நாட்டு ஓடுகளையே இடித்துச் சலித்துக்கொண்டோம். இடிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

மணலில் சவுடு கலந்திருக்கக் கூடாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர் போட்டுக் குலுக்கி ஓர் இரவு வைத்தால், மேலே படியும் வண்டல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒரு விரல் கனத்துக்கு வந்தால் அந்த மணலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சுழலும் கலவை இயந்திரத்தில் சுண்ணாம்புச் சாந்து உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. அந்தக் காலத்தில் மாடு கட்டிச் செக்கில் அரைத்தார்கள். நாங்கள் கருங்கல் பலகையில் கொட்டி உலக்கையால் இடித்தோம். கரணையைத் தலைகீழாகப் பிடித்தாலும் சாந்து விழாமல் ஒட்டி நிற்கும்வரை இடிக்க வேண்டும். கூடுதல் தண்ணீர் ஊற்ற ஆசை வரும், ஊற்றாதீர்கள். இடிக்க இடிக்கத் தானே இளகும்.

பூசுதல்: ஆவணி

கடலை விதைப்பும் முதல் களையும் முடிந்து, ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளி இது. முதல் நாள் மாலையிலும் பூசும் நாள் காலையிலும் சுவரை நன்றாக நனையுங்கள். காய்ந்த சுவர் சாந்தின் ஈரத்தை ஒரே மூச்சில் குடித்துவிடும், பிறகு பூச்சு கையோடு உதிரும்.

சாந்தைத் தடவாமல் வீசி அடியுங்கள். கல் இடுக்கில் அப்போதுதான் பிடிக்கும். அரை அங்குலத்துக்கு மேல் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். தேய்க்க இரும்புத் தகட்டைவிட மர மணியாஸ் கட்டைதான் நல்லது. இரும்பு மேற்பரப்பை அடைத்து மூடிவிடும், உள்ளே காற்று போகாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடியும் கல்லாகிறது.

மாலையில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். பயப்பட வேண்டாம். லேசாகத் தண்ணீர் தெளித்து, கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். அதன்பின் ஏழு நாள் ஈரச் சாக்கு தொங்கவிட்டு, காலை மாலை தெளியுங்கள். கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தடம் விழாமல் ஆன பிறகே அடுத்த பூச்சு. அது மெல்லியது, சலித்த மணலோடு.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுச் செய்த ஒருவர் தன் சுண்ணாம்பு கொதிக்கவே இல்லை என்று எழுதியிருந்தார். மூட்டை திறந்து நாளாகி, காற்றின் ஈரத்திலேயே நீறிச் செத்துப்போன சுண்ணாம்பு அது. வாங்கும் இடத்திலேயே ஒரு கட்டியைத் தண்ணீர் டம்ளரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் சீறிப் பிளக்க வேண்டும்.

இன்னொருவர் பூச்செல்லாம் சரியாகச் செய்துவிட்டு, மேலே பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார். மழை முடிந்ததும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்திருக்கிறது. நான் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும். பால் பதத்தில் கரைத்து, துணியில் வடிகட்டி, மெல்லியதாக மூன்று கை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சுவரை நனைத்துக்கொள்ளுங்கள். நெல் அறைக்குப் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை மழமழப்பாக்கத் தடவும் மாவு) பார்க்கவே வேண்டாம்.

பீப்பாய் கழுவிய தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டலாமா என்றும் கேட்டார்கள். வேண்டாம், செடிகளின் வேரடி மண் கெட்டுவிடும். நடைபாதைப் பள்ளத்தில் ஊற்றுங்கள். மிஞ்சிய சுண்ணாம்பை மட்டும் எறிந்துவிடாதீர்கள். தண்ணீர் நிற்கும்வரை அது கெடாது. எங்கள் பீப்பாயில் இன்னும் இரண்டு சாண் இருக்கிறது. தை அறுவடை முடிந்ததும் கிணற்றடிச் சுவருக்கு எடுக்கப்போகிறோம்.