பிரேக் ஆயில் மாற்ற பம்ப் வாங்கும் முன் நிப்பிளைப் பாருங்கள்

வீட்டிலேயே பிரேக் ஆயில் மாற்றிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது பம்ப்பைத்தான். கீழிருந்து உறிஞ்சும் கை வேக்குவம் பம்ப்பா, மேலிருந்து தள்ளும் பிரஷர் பாட்டிலா என்று இரண்டு நாள் ஆராய்ச்சி நடக்கும். சக்கரத்தின் பிரேக்கில் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியே விடுவது ப்ளீடர் நிப்பிள். அதைத் திறக்கும் ஸ்பேனரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெட்டியில் ஏதோ ஒன்று கிடக்கும் என்ற நினைப்பு. வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ப்ளீடர் நிப்பிள் நடுவில் துளை போட்ட சின்ன ஸ்க்ரூ. துளை இருப்பதால் உடம்பில் வலு குறைவு. சக்கரத்துக்குப் பின்னால் சேறும் தண்ணீரும் பட்டு வருஷக்கணக்கில் இறுகிப் போயிருக்கும். தலை அளவு 7 முதல் 11 மி.மீ. வரை வரும், ஒரே காரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இருப்பதும் உண்டு. ஓபன் ஸ்பேனர் இரண்டே பக்கத்தைப் பிடிக்கும். பன்னிரண்டு முனை ரிங் மூலைகளை மட்டும் அழுத்தும். இறுகிய நிப்பிளில் இரண்டுமே தலையை மழுக்கிவிடும். பிறகு பிளையரால் பிடிப்பீர்கள், அப்புறம் அது முறியும், முறிந்தால் கேலிப்பரையே (நிப்பிள் மாட்டியிருக்கும், பிரேக் பேடை அழுத்தும் பாகம்) மாற்றும் செலவு வரை போகலாம்.

ஆறு முனை சாக்கெட் ஒன்றும், அதே அளவில் ஆறு முனை ரிங் ஸ்பேனர் ஒன்றும் வேண்டும். இரண்டு எதற்கு என்றால், இறுகியதை முதலில் இளக்க சாக்கெட்தான் பாதுகாப்பு. ஆனால் ஆயில் வெளியேறும் டியூபை மாட்டிவிட்டால் சாக்கெட் நுழையாது. அதனால் சாக்கெட்டால் லேசாகத் திருப்பி, உடனே மூடி, பிறகு ரிங்கை நிப்பிளில் கோத்துவிட்டு அதன் மேல் டியூபை மாட்ட வேண்டும். வரிசை மாறினால் ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு டியூபைக் கழற்றி, ஆயிலைச் சட்டையில் வாங்க வேண்டியதுதான்.

முந்தின நாள் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மரையில் மட்டும் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நிப்பிளின் வாய்த் துளைக்குள் அது போகக் கூடாது. நான்கு நிப்பிளும் அசைகின்றனவா என்று பார்த்த பிறகு பம்ப் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். ஒன்று அசையவில்லை என்றால் எவ்வளவு நல்ல பம்ப்பும் பயன்படாது.

கை வேக்குவம் பம்ப்போடு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பின் இடது சக்கரம். நிப்பிளைத் திறந்து உறிஞ்சினால் டியூபில் குமிழி குமிழியாக வருகிறது. இன்னும் காற்று இருக்கிறது என்று நினைத்து ஊற்றினேன், உறிஞ்சினேன், மறுபடி ஊற்றினேன். ஒரு மணி நேரம் போச்சு, பாட்டிலில் முக்கால்வாசி ஆயிலும் போச்சு, குமிழி நிற்கவே இல்லை. கடைசியில் வெறுத்துப்போய் நிப்பிளை மூடிவிட்டு பெடலை மிதித்தால், கல் மாதிரி இருக்கிறது.

நடந்தது இதுதான். நிப்பிள் மரையால் அடைபடுவதில்லை. அதன் கூர்முனை அடியில் போய் உட்கார்ந்து அடைக்கிறது. அரைச் சுற்று தளர்த்தியதும் மரையைச் சுற்றி இடைவெளி விழுகிறது. வேக்குவம் உறிஞ்சும்போது வெளிக்காற்று அந்த வழியாக வந்து டியூபுக்குள் போகிறது. நான் துரத்தியது பிரேக் லைனில் இருந்த காற்றை இல்லை. மரை வெளியே வரும் இடத்தைச் சுற்றி சிலிகான் கிரீஸைத் தடிப்பாக அப்பினால் பெருமளவு குறையும். டெஃப்லான் டேப் சுற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முனைப் பக்கம் ஒரு துணுக்கு போய்விட்டால் நிப்பிள் சரியாக அடைக்காது, எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிரஷர் பாட்டில் மேலிருந்து தள்ளுவதால் இந்தத் தொல்லை இல்லை. அதன் தொல்லை மூடியில். உங்கள் ரிசர்வாயர் (பிரேக் ஆயில் ஊற்றும் தொட்டி) மூடியின் மரைக்குப் பொருந்தும் அடாப்டர் கிடைக்கிறதா என்று பார்க்காமல் பாட்டிலை வாங்காதீர்கள். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று விற்கும் சங்கிலி கட்டிய தட்டு, கோணல்மாணலான ரிசர்வாயரில் கசியும். கசிந்தால் பெயின்ட் உரியும். எனவே முதல் தடவை ஆயில் ஊற்றாமல் வெறும் காற்றை 10 பிஎஸ்ஐ வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று ஐந்து நிமிடம் பாருங்கள். வேலைக்கும் 10 முதல் 15 பிஎஸ்ஐ போதும். ரிசர்வாயர் பிளாஸ்டிக், டயருக்குக் காற்று அடிக்கும் கணக்கில் ஏற்றினால் வெடிக்கக்கூடும்.

லைன் எதையும் கழற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றுகிறீர்கள், கூட ஒரு ஆள் இருக்கிறார் என்றால் என் ஓட்டு பழைய முறைக்குத்தான். ஒரு டியூப், ஒரு பாட்டில். டியூப் உள்ளே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், நிப்பிளில் இறுக்கமாக ஏற வேண்டும். பெரும்பாலும் 5 மி.மீ. உள் விட்டம் சரியாக வரும். மறுமுனை பாட்டிலில் இருக்கும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். "மிதி" என்றால் மிதித்து அப்படியே பிடித்திருக்க வேண்டும். நிப்பிளைத் திறந்து, மூடிவிட்டு நீங்கள் "விடு" என்று சொல்லும் வரை காலை எடுக்கக் கூடாது. இதை ஆரம்பத்திலேயே பேசிவையுங்கள், முதல் ஐந்து நிமிடத்தில் சண்டை வருவது இதனால்தான். வண்டி பழையது என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் வழக்கமாகப் போகாத ஆழத்தில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பெடலைத் தரை வரை அமுக்கினால் சீல் அதில் உரசிக் கிழியலாம்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, பார்க்க ரொம்பச் சின்னது. இன்ஜின் ஆயில் ஊற்றிய புனலையோ உறிஞ்சிய ஊசியையோ துடைத்துவிட்டு இதற்கும் பயன்படுத்துவது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாட்டிலில் தரமாகப் போட்டிருக்கும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 எதுவும் எண்ணெய் இல்லை, கிளைகால் சார்ந்த திரவம். பிரேக்கில் இருக்கும் ரப்பர் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். அப்படிப் பரவிவிட்டால் ரப்பர் உள்ள பாகம் ஒவ்வொன்றையும் மாற்ற வேண்டியிருக்கும். புனல், ஊசி, பாட்டில் மூன்றையும் தனியாக வாங்கி, மேலே எழுதி ஒட்டி வையுங்கள். டாட் 5 மட்டும் சிலிகான், மற்றதோடு கலக்கக் கூடாது, 5.1 என்பதன் தம்பி என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

ஆயிலில் சேர்ந்த ஈரத்தைக் காட்டும் பேனாவை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அது அளப்பது மின் கடத்தலை. பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஈரம் ஏன் முக்கியம் என்றால், டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் விதி கேட்பது 155தான். கையேட்டில் போட்டிருக்கும் கெடுவுக்கு மாற்றிவிடுவது சுலபம்.

ஸ்கேனர் விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். பழுதுக் குறியீட்டை மட்டும் படிக்கிற சின்னக் கருவியால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வால்வுகளை இயக்க முடியாது. சாதாரணமாக ஆயில் மாற்ற பல கார்களுக்கு ஸ்கேனரே தேவையில்லை. வேலை நடுவில் ரிசர்வாயர் காலியாகி ஏபிஎஸ் பிளாக்குக்குள் காற்று போய்விட்டால்தான் தேவைப்படும். எனவே இரண்டு சக்கரத்துக்கு ஒருமுறையாவது மூடியைத் திறந்து பாருங்கள். கிளட்சும் அதே ரிசர்வாயரில் இருந்து குடிக்கிற வண்டி என்றால், ரிசர்வாயர் காலியானால் கிளட்சிலும் காற்று ஏறும். ஹைபிரிட் வண்டிகளில் பல, ஸ்கேனர் இல்லாமல் ஆயில் மாற்றவே விடாது. கையேட்டைப் படிக்காமல் நிப்பிளைத் தொடாதீர்கள்.

காரோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றத்தான். ஸ்டாண்ட் வைக்காமல் சக்கரத்தைக் கழற்றி உள்ளே கைவிட வேண்டாம்.

மூடிய பிறகு நிப்பிள் வாயில் கொஞ்சம் ஆயில் நிற்கும். அதைத் துணியால் ஒற்றி எடுத்து, கேலிப்பரைத் தண்ணீரால் கழுவி, ரப்பர் தொப்பியை மாட்டுங்கள். தொப்பி தொலைந்திருந்தால் புதிதாக வாங்கிப் போடுங்கள். இத்தனை நேரம் நீங்கள் போராடிய துரு, அது இல்லாததால் வந்ததாகத்தான் இருக்கும்.