அடிபம்பு ஃபுளோரைடு கணக்கை ஊருக்குச் சொல்வது எப்படி?

தருமபுரிப் பக்கம் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைச் சொல்லப் போனால், "ஃபுளோரைடு லிட்டருக்கு 2.4 மில்லிகிராம்" என்று ஆரம்பிக்காதீர்கள். யார் மண்டையிலும் ஏறாது. "கோயில் பக்கத்து பம்புத் தண்ணியைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீங்க, துணி துவைக்கலாம்" என்பதே முதல் வரி. அந்த பம்புக்குச் சிவப்பு பெயின்ட் அடியுங்கள். கூடவே பெரிய பெருக்கல் குறி. நிறம் பிரித்தறியாதவர்களும் ஊரில் உண்டு.

"காய்ச்சினா போயிடுமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு செறிவு கூடத்தான் செய்யும். கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஃபுளோரைடு மிஞ்சிய தண்ணீரால் பல்லில் கறை படிந்த பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் காட்டுவது வேண்டவே வேண்டாம். எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும்.

ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் தெருக்களில் அந்தத் தெரு அக்கா ஒருவரையே பேச விடுங்கள்.

முழு அட்டவணை கிராம சபைக்கு மட்டும். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். மாற்று நீர் இல்லையென்றால் 1.5. மனு எழுத அந்த எண் வேண்டும்.