பேசப் போகும் முன் நாலு வரி

மனச்சோர்வுக்காக டாக்டரைப் பார்க்கும் முன், போனில் நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை நாளாக, தூக்கம், சாப்பாடு, முன்பு பிடித்த எது இப்போது பிடிக்கவில்லை. சோர்வு ஞாபகத்தையும் மந்தமாக்கும். எதிரே ஆள் உட்கார்ந்ததும் “ஒண்ணுமில்ல, சும்மா டயர்டா இருக்கு” என்றுதான் வாயில் வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பது டாக்டருக்கு முக்கியம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஓ.பி.க்குப் போனாலும் சரி, 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் (24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம்) மொட்டை மாடியிலிருந்து பேசினாலும் சரி, அந்த நாலு வரியைப் பார்த்து வாசித்தாலே போதும்.

உயிரை விடத் தோன்றினால் மட்டும் எழுதிக்கொண்டு உட்காராதீர்கள். உடனே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், யாரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.